சரிவில் சில்வர் ஓக் எடுக்க டிராக்டர் வின்ச்: 3 டன்னா, 5 டன்னா?

கேள்வி, ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி, 11 பிப்ரவரி 2024

அண்ணா, எங்களிடம் 45 எச்பி டிராக்டர் இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் ரோட்டுக்குக் கீழே, நல்ல சரிவில், 60 சில்வர் ஓக் நிற்கிறது. அப்பா காலத்தில் நிழலுக்கு வைத்தது. வெட்ட அனுமதி வந்துவிட்டது. ஆள் போட்டு மேலே ஏற்றினால் கூலியிலேயே பாதி போய்விடும் என்று வியாபாரி விலையைக் குறைக்கிறார். வின்ச் வாங்கி நாமே இழுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். 3 டன் போதுமா, 5 டன் வேண்டுமா? டிராக்டரைச் சரிவில் கொஞ்ச தூரம் இறக்கலாமா?

11 பிப்ரவரி, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இறக்காதே தம்பி. கொஞ்ச தூரம்கூட வேண்டாம். டிரம்மில் இரும்பு ரோப்பைச் சுற்றிச் சுமையை இழுக்கும் கருவிதான் வின்ச். அதை வாங்குவதே டிராக்டர் இறங்க முடியாத இடத்துக்கு ரோப்பை அனுப்பத்தான். டிராக்டரே இறங்க முடிந்த இடம் என்றால் ஒரு சங்கிலியும் ஹிட்சும் போதும், வின்ச் எதற்கு?

நான் கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையைத் தாண்டி எங்கள் மலைவரைக்கும் வந்து அடித்தபோது, எங்கள் தோட்டத்தில் நின்ற சில்வர் ஓக்கில் பாதி பாதியாக முறிந்தும் வேரோடு சாய்ந்தும் காப்பிச் செடிகள்மேல் கிடந்தன. அதை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. எல்லார் தோட்டத்திலும் அதே கதை. அப்போதுதான் பழைய வின்ச் ஒன்றை, டிராக்டர் பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டி, இன்ஜின் பலத்தைப் பின்னால் கொடுக்கும் பிடிஓ தண்டில் ஓடுவது, ஒரு பட்டறையில் சொல்லிச் சரிசெய்து வாங்கினேன். அதிலிருந்து 5 வருடமாக ஒவ்வொரு மாசி பங்குனியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மரம் எடுக்கிறேன். மர வியாபாரி இல்லை, இன்ஜினியரும் இல்லை. தப்புப் பண்ணிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

டன் கணக்கு நாளைக்கு. தூக்கம் வருகிறது.

12 பிப்ரவரி

சரி, கணக்கு. எங்கள் சரிவு 35 டிகிரி இருக்கும். 100 அடி கிடையாகப் போனால் 70 அடி ஏறும் சரிவு. ஏற்காட்டில் உங்களுக்கும் அதற்குக் குறைவாக இருக்காது.

கட்டையை மண்ணில் இழுக்கும்போது இரண்டு விஷயத்துக்கு பலம் போகிறது. ஒன்று, எடையை மேலே ஏற்றுவது. இன்னொன்று, மண்ணோடு உரசுவது. 35 டிகிரியில் ஏற்றத்துக்கு எடையில் 0.57 பங்கு. உரசலுக்கு, மண்ணும் சருகும் உள்ள தரையில் 0.6 என்று வைத்துக்கொண்டால், சரிவில் தரை தாங்கும் எடை குறைவதால் 0.49 பங்கு. இரண்டையும் கூட்டினால் 1.06. அதாவது எங்கள் சரிவில் ஒரு கட்டையை மேலே இழுக்க ஏறக்குறைய அதன் எடை அளவே பலம் வேண்டும். மனதில் வைத்துக்கொள்ள சுலபமான கணக்கு. சமதளத்தில் என்றால் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இப்போது எடை. 4 அடி சுற்றளவு, 10 அடி நீளக் கட்டை என்றால் 10 கன அடி. பச்சை சில்வர் ஓக்கை நான் கன அடிக்கு 25 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். ஆக 250 கிலோ. 5 அடி சுற்றளவில் 30 அடி நீளமாக அப்படியே இழுத்தால் 47 கன அடி, 1170 கிலோ, இழுவை 1250 கிலோ. 3 டன் வின்ச்சுக்கு இது சாதாரணம். ஆகவே 3 டன் போதும், காசை மிச்சம் பிடி.

13 பிப்ரவரி

சில்வர் ஓக்கும் சவுக்கும் ஒன்றா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெயரில் குழப்பம் வேண்டாம். எங்கள் மலையில் வயதானவர்கள் சில்வர் ஓக்கையே சவுக்கு என்றுதான் சொல்வார்கள். நீலகிரியிலும் அப்படித்தான். கடற்கரையில் ஊசி ஊசியாக நிற்கும் சவுக்கு வேறு. இரண்டும் ஆஸ்திரேலியாப் பக்கத்து மரங்கள், அவ்வளவுதான் சொந்தம். நான் சொல்வது காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் வைக்கிற மரத்தை.

14 பிப்ரவரி

டன்னைவிட முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். டிராக்டர் எப்படி நிற்கப்போகிறது?

வின்ச் விற்பவர் காட்டும் படத்தில் டிராக்டர் முதுகைக் காட்டி நிற்கும், ரோப் நேராகப் பின்னால் போகும், வின்ச்சின் அடியில் உள்ள தகடு தரையில் பதிந்திருக்கும், எல்லாம் அழகாக இருக்கும். நம் தோட்ட ரோடு 10 அடி அகலம். ஒரு பக்கம் மண் திட்டு, ஒரு பக்கம் பள்ளம். டிராக்டர் ரோட்டோடு நீளவாக்கில்தான் நிற்க முடியும். ரோப்போ கீழேயிருந்து குறுக்கே வர வேண்டும். அப்படியே பக்கவாட்டில் இழுத்தால் டிராக்டர் கவிழும். மரம் நகர்வதற்கு முன்னால் டிராக்டர் நகரும், அதுவும் பள்ளத்தை நோக்கி. நான் நேர்பின்னாலிருந்து 20 டிகிரிக்கு மேல் ரோப்பை விலக விடுவதில்லை.

வழி என்னவென்றால், ரோட்டுக்கு மேல் திட்டில் நல்ல வேர் பிடித்த மரம் ஒன்றைப் பிடி. அதன் அடியில் ஒரு கப்பி கட்டு, பக்கத்தைத் திறந்து ரோப்பை நடுவில் போடுகிற மாதிரிக் கப்பி. ரோப் கீழேயிருந்து ஏறி, ரோட்டைக் கடந்து, கப்பியில் திரும்பி, ரோட்டோடு போய் டிராக்டரின் முதுகுக்கு நேராகச் சேரும். டிராக்டர் கப்பியிலிருந்து 20 அடி தள்ளி, ரோட்டில், தகட்டை மண்ணில் ஊன்றி, ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கட்டும். கட்டை ரோட்டுக்கு வந்ததும் ரோப்பைக் கப்பியிலிருந்து கழற்றி, நேராக இழுத்து, மூக்கைத் தூக்கி, ரோட்டோடு இழுத்துக்கொண்டு போய் லாரி நிற்கும் இடத்தில் போடலாம்.

எங்களுக்கு அந்த மரம் ஒரு பலா. அப்பாவைவிட வயது கூடிய மரம். முதல் வருடம் சங்கிலியை அப்படியே சுற்றிக் கப்பியை மாட்டிவிட்டேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், கொஞ்சம் வெட்கமான கதை.

கப்பியை முழங்கால் உயரத்துக்கு மேல் கட்டாதே. மேலே கட்டினால் கட்டையின் மூக்கு தூக்கிக்கொண்டு வரும் என்று ஆசையாக இருக்கும். மரம் சாயும்.

இன்னொரு விஷயம்: எங்கள் வின்ச்சில் ரோட்டுக்கு 10 அடி கீழே கட்டை வந்ததும் மூச்சு நின்றுவிடும். கிளட்ச் வழுக்குகிறது. பட்டறைக்காரரிடம் மூன்று தடவை கொண்டுபோய்த் திட்டிவிட்டு வந்தேன். வாங்கும்போது கிளட்சை நன்றாகப் பார்த்து வாங்கு.

15 பிப்ரவரி

"கப்பி போட்டால் பலம் இரட்டிப்பாகும்தானே?"

இல்லை. மரத்தில் கட்டிய கப்பி திசையை மட்டும்தான் திருப்பும், கிணற்று ராட்டினம் மாதிரி. கப்பி கட்டையோடு சேர்ந்து நகர வேண்டும், ரோப்பின் நுனி மேலே ஒரு மரத்தில் கட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் இரட்டிப்பு. வேகம் பாதியாகும், 60 மீட்டர் ரோப் 30 மீட்டருக்குத்தான் எட்டும்.

திசை திருப்பும் கப்பியில் வேறொன்று இரட்டிப்பாகலாம்: அதைக் கட்டிய மரத்தின் மேல் விழும் சுமை. ரோப் 90 டிகிரி திரும்பினால் ரோப்பில் உள்ள இழுவையைப்போல் 1.41 மடங்கு. போன வழியே திரும்பி வந்தால் 2 மடங்கு. ஆக வின்ச் 3 டன் என்றால் கப்பியும் அதன் கொக்கியும் அதை மரத்தில் கட்டும் பெல்ட்டும் 3 டன்னுக்கு வாங்கினால் பத்தாது.

20 பிப்ரவரி

தம்பி, 12ஆம் தேதி போட்ட கணக்கில் தப்பு இருக்கிறது. வியாபாரி கணக்கைப் போட்டுவிட்டேன்.

மரக்கடையில் அளப்பது எப்படி? சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 1 பெருக்கல் 1 பெருக்கல் 10, பத்து கன அடி. நானும் பிறந்ததிலிருந்து இதைத்தான் பார்க்கிறேன், கை தானாகப் போட்டுவிட்டது. ஆனால் உருண்டைக் கட்டையில் நிஜமாக உள்ள மரம் 12.7 கன அடி. அறுக்கும்போது சிம்பாகப் போகும் என்று அந்தக் கணக்கு கழித்துக்கொள்கிறது. காசு கொடுக்கும்போது கழிக்கலாம், ஆனால் சிம்பாகப் போகப்போகிற மரத்தையும் சேர்த்துத்தான் வின்ச் இழுக்க வேண்டும்.

ஆகவே 250 கிலோ இல்லை, 318 கிலோ. அந்த 30 அடிக் கட்டை 1170 இல்லை, 1490 கிலோ. இழுவை 1590. பட்டையில் ஊறிய ஈரம், ஒட்டும் மண் எல்லாம் இதில் சேரவில்லை.

இன்னமும் 3 டன்னுக்குள்தான் இருக்கிறது. ஆனால் "காசை மிச்சம் பிடி" என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், யோசித்துச் சொல்கிறேன்.

20 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

வியாபாரிகளைத் திட்டியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சித்தப்பாவே மரக்கடை வைத்திருந்தவர். தீபாவளிக்குப் போனால் பட்டாசையும் கால் சுற்றளவில் அளந்து கொடுப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

2 மார்ச்

நேற்று இரண்டு கட்டை இழுத்தோம். மறுபடியும் அதே இடத்தில், ரோட்டுக்கு 10 அடி கீழே, நின்றுவிட்டது. டிராக்டரை நிறுத்தி டிரம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் உறைத்தது. 5 வருடமாக அந்தப் பட்டறைக்காரரை வீணாகத் திட்டியிருக்கிறேன்.

டிரம் காலியாக இருக்கும்போது 12 செமீ விட்டம். 10 மிமீ ரோப் நாலு அடுக்கு சுற்றி நிறைந்துவிட்டால் 20 செமீ. வின்ச்சில் 3 டன் என்று எழுதியிருப்பது முதல் அடுக்குக்கு. விட்டம் கூடக் கூட இழுவை குறையும்: 3 பெருக்கல் 12 வகுத்தல் 20, அதாவது 1.8 டன். வேகம் மட்டும் கூடும்.

ரோப் முழுக்க வெளியே போய், கட்டை கீழே பள்ளத்தில் கிடக்கும்போது வின்ச்சுக்கு முழுப் பலம். கட்டை ஏறி ஏறி ரோட்டுப் பக்கம் வரும்போது டிரம் நிறைந்து பலம் பாதியாகப் பக்கம் போய்விடுகிறது. ஆனால் கஷ்டமான இடம் எது? ரோடு வெட்டிய மண்ணைத் தள்ளிய அந்தக் கடைசி 10 அடிதான். அங்கே சரிவு 45 டிகிரிக்கு மேல், மண் இளகல், கட்டையின் மூக்கு கலப்பை மாதிரிப் புதையும். பலம் அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் வின்ச் மிகவும் இளைத்துப் போயிருக்கிறது. கிளட்ச் வழுக்கியது அதன் குற்றம் இல்லை. அது வழுக்காமல் இருந்திருந்தால் வேறு ஏதாவது அறுந்திருக்கும்.

இதற்கு நான் செய்வது: டிராக்டரைக் கப்பியிலிருந்து இன்னும் தள்ளி நிறுத்துவது. 20 அடி என்று சொன்னேன் அல்லவா, அதை 60 அடி ஆக்கினேன். கட்டை ரோட்டு விளிம்புக்கு வரும்போது 60 அடி ரோப் இன்னும் வெளியே இருக்கும், டிரம்மில் ஒரு அடுக்காவது குறைவு. கீழே எட்டும் தூரம் குறையும், அது வேறு கவலை. அதோடு விளிம்பில் ஒரு பழைய லாரி டயரைப் புதைத்து வைத்தேன். ரோப் மண்ணை அறுக்காது, மூக்கும் டயரில் ஏறி வழுக்கி வரும். இரண்டு கட்டையும் வந்துவிட்டன.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்தார். "அப்பவே சொன்னேனே சார்" என்றார். சொல்லவில்லை, ஆனால் விட்டுவிட்டேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 3 டன்னா 5 டன்னா? கட்டையை 10 அடி, 12 அடியாக அறுத்து இழுப்பதாக இருந்தால் 3 டன் தாராளம். 30 அடியாக இழுக்க ஆசைப்பட்டால் 5 டன், ஆனால் அப்போது ரோப், கப்பி, பெல்ட், கொக்கி எல்லாம் மாற்ற வேண்டும். 10 மிமீ ரோப் புதிதாக இருக்கும்போது ஐந்தரை டன் ஆறு டன் வாக்கில் அறும். 5 டன் வின்ச்சில் அதைப் போட்டால் நடுவில் இடைவெளியே இல்லை. வின்ச் இழுவைக்கு இரண்டு மடங்காவது ரோப் தாங்க வேண்டும். நான் 3 டன்னோடு நின்றுகொள்கிறேன்.

9 மார்ச்

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். 2020இல் நடந்தது.

கப்பியில் ரோப் திரும்பும் இடத்தில் ஒரு முக்கோணம் உண்டாகிறது. கீழேயிருந்து வரும் ரோப் ஒரு பக்கம், டிராக்டருக்குப் போகும் ரோப் ஒரு பக்கம். அந்த முக்கோணத்துக்குள்தான் ரோட்டின் பள்ளத்து ஓரம் இருக்கிறது. கட்டை எங்கே வருகிறது என்று கீழே எட்டிப் பார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது. என் மச்சான் அங்கேதான் நிற்பார். நானும் ஒன்றும் சொன்னதில்லை.

அன்று கட்டை ஒரு பழைய அடிமரத்தில் மாட்டியது. இழுவைக் கணக்கு எல்லாம் கட்டை நகரும்போதுதான். மாட்டிக்கொண்டால் 318 கிலோவாவது ஒன்றாவது, வின்ச்சால் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் ரோப்பில் ஏறும். அது 3 டன் என்றால் கப்பியில் 4 டன்னுக்கு மேல். எங்கள் கப்பியின் அச்சில் ஒருவர் கடையில் கிடைத்த சாதா போல்ட்டைப் போட்டிருந்தார். அந்த ஒருவர் நான்தான்.

சத்தம் பட்டாசு மாதிரி. கப்பி முக்கோணத்துக்குள்ளேதான் பறக்கும், வேறெங்கும் பறக்க வழியில்லை, ரோப் நேராக நிமிர்ந்துகொள்ளப் பார்க்கிறது அல்லவா. மச்சான் அப்போது பீடி பற்ற வைக்கக் காற்றுக்கு மறைவாக டிராக்டர் முன்பக்கம் போயிருந்தார். அவர் வழக்கமாக நிற்கும் இடத்துக்குக் கீழே இருந்த காப்பிச் செடியின் தலை, கத்தியால் சீவியது போல், இடுப்பு உயரத்தில் இல்லை.

அவர் பீடி குடிப்பதைப் பற்றி அக்காவும் நானும் அதற்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுகிறேன். வின்ச் ஓடும்போது கோட்டுக்குள் யாரும் இல்லை. கீழே பார்க்க ஒருவர் தனியாக, சரிவிலேயே, கட்டைக்குப் பக்கவாட்டில் நல்ல தூரத்தில், மேல்பக்கமாக நிற்பார். கட்டைக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. கழன்றால் அது அந்த வழியாகத்தான் போகும்.

விசில்: ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இழு. மூன்று என்றால் தளர்த்து. நிறுத்துவதற்கு ஏன் ஒன்று என்றால், பதறும்போது மனிதனுக்கு ஒரு தடவைதான் ஊத வரும்.

10 மார்ச்

நேற்றைய பதிவுக்குப் பிறகு நிறையப் பேர் கேட்கிறார்கள், ஏன் மேலேதான் இழுக்க வேண்டும், கீழே உருட்டிவிட்டால் என்ன என்று.

அதற்குப் பெயர் வைத்த ஊரே இருக்கிறது. ஆனைமலையில் டாப்ஸ்லிப். வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கு வெட்டி அங்கிருந்து சரிவில் வழுக்கவிட்டுக் கீழே சேர்த்தார்கள், அதனால்தான் அந்தப் பெயர். வெட்டி வெட்டிக் காடு மொட்டையான பிறகு ஹூகோ வுட் என்ற வன அதிகாரி வந்து மறுபடி தேக்கு முளைக்க வைத்தார், அவர் சமாதியும் அங்கேயேதான் இருக்கிறது. போனால் பாருங்கள்.

நம் சரிவில் கீழே என்ன இருக்கிறது? அடுத்தவர் தோட்டம், அவருடைய மிளகு, அவருடைய தண்ணீர்க் குழாய். 318 கிலோ கட்டை 35 டிகிரியில் ஓட ஆரம்பித்தால் விசில் ஊதி நிறுத்த முடியாது. மேலே இழுக்கும்போது, விட்டால் நிற்கும், ரோப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, கொக்கியை எடுத்துக்கொண்டு கீழே நடப்பது சுலபம். 60 மீட்டர் ரோப் 20 கிலோவுக்கு மேல். அதைச் சரிவில் மேல்நோக்கி இழுத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள்.

யானை, குதிரை பற்றியும் கேட்டார்கள். யானை வைத்திருந்தால் நான் ஏன் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். குதிரை எங்கள் பக்கம் காப்பி மூட்டையும் வாழைத்தாரும் சுமக்கும், மரம் இழுத்து நான் பார்த்ததில்லை.

17 மார்ச்

தம்பியின் அம்மா கேட்கச் சொன்னாராம்: காப்பிச் செடி என்ன ஆகும்?

நல்ல கேள்வி, முதலிலேயே வந்திருக்க வேண்டும். முதல் வருடம் ஒவ்வொரு மரத்துக்கும் குறுக்குவழியாக இழுத்தேன். 11 மரத்துக்கு 11 பாதை. செடிகள் பாதி முறிந்து, பட்டை உரிந்து, வேர் ஆடி நின்றன. அடுத்த வருடம் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்கிற வண்டு அதில்தான் முதலில் ஏறியது என்பது என் சந்தேகம்.

இப்போது 60 மீட்டருக்கு ஒரே பாதை. அகலம் 8 அடி. அந்தப் பாதையில் வரும் செடிகளை முதலிலேயே முழங்கால் உயரத்தில் சாய்வாக அறுத்துவிடுவேன். காப்பி அறுத்தால் துளிர்க்கும், முறித்தால்தான் சாகும். துளிரில் ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டால் மூன்றாம் வருடம் காய்க்கிறது. மரத்தைப் பாதைப் பக்கம் சாய்க்க வேண்டும். அதற்கு முன் ஆள் ஏறிக் கிளை கழித்து, மிளகுக் கொடியை இறக்கி, உச்சியை எடுத்துவிட வேண்டும். மொத்தமாகச் சாய்த்தால் காப்பி மிஞ்சாது.

கட்டையின் தடித்த முனையை முன்னால் வைத்துக் கட்டுவோம். மூக்கு விளிம்பைக் கோடரியால் சுற்றிச் சீவிவிட்டால் வேரிலும் கல்லிலும் மாட்டாது. வெளிநாட்டில் இதற்குக் கூம்பு மாதிரித் தொப்பி விற்கிறார்கள். நான் 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரலின் அடிப்பாகத்தை அறுத்து, நடுவில் ஓட்டை போட்டு, சங்கிலியை அதன் வழியாக விட்டுப் பார்த்தேன். ஏழு கட்டை தாங்கியது. எட்டாவதில் கிழிந்துவிட்டது. ஏழும் நன்றாக வந்தன, சொல்ல வேண்டும்.

கழித்த கிளைகளைப் பாதையிலேயே குறுக்கே பரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு அந்தப் பாதை ஓடையாகிவிடும். எங்கள் 11 பாதையில் இரண்டு இன்னமும் ஓடைதான்.

2 ஏப்ரல்

பூ மழை பெய்துவிட்டது. வேலை நிறுத்தம். பூ விடும் நேரத்தில் செடிகளுக்கு நடுவே மரம் இழுப்பவனை வீட்டில் சோறு போட மாட்டார்கள்.

19 மே

கோத்தகிரி அக்கா ஒருவர் எழுதியிருந்தார், இரும்பு ரோப்புக்குப் பதில் டைனீமா நூல் ரோப் போட்டிருக்கிறாராம். எடை ஏழில் ஒரு பங்குகூட வராது, பெண்களே தோளில் போட்டுக்கொண்டு இறங்கலாம், கையில் கம்பிச் சிம்பு குத்தாது, அறுந்தாலும் சாட்டை மாதிரி வீசுவது குறைவு. எல்லாம் சரி. ஆனால் எங்கள் சரிவில் கல் அதிகம். கல் விளிம்பில் உரசினால் அது நூல்தான். அக்கா தோட்டம் முழுக்கத் தேயிலை மண், அவருக்குச் சரி. நான் விலையைக் கேட்டுவிட்டு மறுபடி இரும்புக்கே வந்துவிட்டேன், கல் என்பது பாதிக் காரணம்தான்.

ரோப் நுனியில் கண்ணி போடும் யு-கிளாம்ப் பற்றியும் அவர் கேட்டார். கிளாம்ப்பின் தட்டையான முதுகு சுமை தாங்கும் ரோப்பில் உட்கார வேண்டும், யு வளையம் வால் பக்கம் கடிக்க வேண்டும். மூன்று கிளாம்ப்பும் ஒரே பக்கம் பார்த்து. எங்கள் ஆள் ஒருவர் அழகுக்காக ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். சுமை தாங்கும் ரோப்பிலேயே வளையம் கடித்து நசுங்கியிருந்தது. அரை அடி வெட்டி எறிந்தோம்.

28 ஜூலை

தம்பி எழுதியிருக்கிறார். 5 டன் வாங்கிவிட்டாராம்! சரி. இவ்வளவு எழுதியது தண்டமா என்று கேட்கப் போனேன், அப்புறம் படித்தால் 12 மிமீ ரோப்பும் அதற்குத் தகுந்த கப்பியும் சேர்த்தே வாங்கியிருக்கிறார். 12 அடியாக அறுத்துத்தான் இழுக்கிறார். 60இல் 22 மரம் எடுத்தாயிற்று. முதலில் பேசிய வியாபாரி இப்போது ரோட்டில் கிடக்கும் கட்டைக்கு உள்ள முழு விலையைக் கொடுக்கிறார். ஆனால் கட்டைக்குப் போக்குவரத்து அனுமதி வாங்கத்தான், மரத்தை மேலே இழுத்ததைவிட அதிக நாள் ஆனதாம். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது, பட்டா நிலமானாலும் அந்தச் சட்டப்படி உள்ள குழுவின் அனுமதி இல்லாமல் கோடரி வைக்கக் கூடாது, அதில் எனக்குக் குறை இல்லை. கஜா நேரத்தில் விழுந்து கிடந்த மரத்துக்குக்கூட நான் அலைந்திருக்கிறேன். இழுத்து ரோட்டில் போட்ட பிறகு காகிதத்துக்குக் காத்திருந்தால் மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்து, மரம் நீலம் பாய்ந்துவிடும். காகிதத்தை முதலில் வாங்கு, மரத்தை அப்புறம் இழு.

11 ஆகஸ்ட்

பலா கதை பாக்கி இருக்கிறது.

முதல் வருடம் சங்கிலி சுற்றினேன் என்றேன். 20 கட்டை இழுத்து முடித்துக் கழற்றியபோது பட்டை வளையமாக நசுங்கி, பாதிச் சுற்றுக்கு உரிந்து, பால் வடிந்து கிடந்தது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசினாள். அடுத்த வருடம் பள்ளத்துப் பக்கக் கிளைகள் காய்ந்தன. அந்தப் பக்கம் இன்று வரை காய்ப்பு இல்லை.

அதற்கப்புறம்தான் 4 அங்குல அகல நைலான் பெல்ட் வாங்கினேன், லாரியில் சுமை தூக்குகிற பெல்ட். அதற்கு உள்ளே மரத்தைச் சுற்றி விறகுச் சிம்புகளை நெருக்கமாக நிறுத்தி அதன்மேல் பெல்ட். பட்டையில் ஒரு கோடுகூட விழவில்லை.

இந்த வருடம் மேட்டுப் பக்கக் கிளையில் 14 காய். எண்ணி வைத்திருக்கிறேன், குரங்குகளும் எண்ணி வைத்திருந்தன.

22 செப்டம்பர்

தம்பி கேட்கிறார்: ஓடைக்குப் பக்கத்தில், 60 மீட்டருக்கு அப்பால், நாலு மரம் இருக்கிறது, ரோப்பை ஒட்டுப் போட்டு நீட்டலாமா?

நானும் கேட்டுக்கொண்ட கேள்விதான். கஜாவில் விழுந்த நாலு கட்டை எங்கள் பள்ளத்தின் அடியிலும் உண்டு. ஒரு வருடம் சங்கிலியைச் சேர்த்து நீட்டினேன். சங்கிலி கப்பிக்குள் போகாது, அதற்காகப் பாதி வழியில் நிறுத்தி, கட்டையை முளை அடித்துத் தாங்கி, கழற்றி மாட்டி, சாயங்காலம் வரை ஒரே ஒரு கட்டை பாதி தூரம் வந்தது. முளை ஆட ஆரம்பித்ததும் மச்சான் ஒரு விசில் ஊதினார். அவிழ்த்துவிட்டோம். கட்டை வந்த இடத்துக்கே திரும்பிப் போனது, நல்லவேளை வழியில் பாறை.

கூலி, டீசல், ஒரு நாள் டிராக்டர் எல்லாம் கூட்டினால் அந்த நாலு கட்டையின் விலைக்கு மேலே போகிறது. அதற்கப்புறம் தொடவில்லை. போன வாரம் மிளகுக் கொடி பார்க்க இறங்கினேன். பட்டை கழன்று, பாசி பிடித்து, அடியில் வெள்ளையாகக் காளான். ஒன்றின்மேல் உட்கார்ந்துதான் வெற்றிலை போட்டேன். உன் நாலு மரமும் நிற்கட்டும், ஓடைக்கரையில் வேர் பிடித்துக்கொண்டிருக்கும். மீதி 34ஐ எடுத்துவிட்டு எழுது.